ஆரஞ்சுத் தகடு

— மூச்சை மெதுவா விடுங்க மேடம். ஈயக் கனிமங்கள்லயே இதுதான் நோஞ்சான். ஒவ்வொரு தகடும் பிளேடு கனம்தான். தும்மினாலே போச்சு.

— மியூசியத்துல இருபது வருஷமா இந்த வேலைதான் சார் பாக்கறேன்.

— மியூசியத்துல என்ன இருக்கு, தூசிதான். சிவப்பும் பச்சையும் எவன் வேணா வச்சிருப்பான். இந்த ஆரஞ்சு இருக்கா உங்ககிட்ட? ஏய், காபியை அங்கயே வை. அலமாரிப் பக்கம் வராத. என் வீட்டம்மா மேடம். வுல்ஃபனைட், வுல்ஃபனைட்னு பதினெட்டு வருஷமா சொல்லிக் குடுக்கறேன். இன்னும் 'அந்த ஆரஞ்சு'தான்.

— ஆரஞ்சு ஒண்ணுதானே இருக்கு. சொன்னா புரியுதில்ல.

— பாத்தீங்களா, வாய் மட்டும் குறைச்சல் இல்ல.

— சார், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்க. இந்தப் புற ஊதா டார்ச்சுல ஒருதடவை பாத்துடறேன். ம்... இங்க நீலமா மின்னுது பாருங்க. பசை. நடுத் தகடு உடைஞ்சிருக்கு, ஒட்டியிருக்காங்க.

— ஒட்டினதா? தினம் காலைல லென்ஸ் வச்சுப் பாக்கறவன் மேடம் நான்.

— நீங்களே பாருங்க.

— ... இதை வித்தானே, அந்த வியாபாரி. பல்லை இளிச்சுக்கிட்டே என் தலைல கட்டிட்டான். எங்க கல் சேகரிக்கறவங்க சங்கத்துல அவன் மானத்தை வாங்கறேன். இனி ஒருத்தன் அவன்கிட்ட கூழாங்கல்லு கூட வாங்க மாட்டான்.

— அந்த ஆளை விடுங்க. ஒட்டினது நான்.

— நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?

— செருப்பு ஒட்டுற பசை. டியூப்ல இன்னும் பாதி இருக்கு. போன வருஷம் நீங்க கண்காட்சிக்குப் போயிருந்தீங்களே, அப்ப. நாலு துண்டு. புருவம் திருத்தற இடுக்கியால எடுத்து வச்சு ஒட்டினேன்.

— தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

— தொடல. மயக்கம் வந்து விழுந்தேன். அலமாரி விளிம்புல தலை இடிச்சு, உள்ள இருந்தது சரிஞ்சிடுச்சு.

— விழறதுக்கு வீட்ல வேற இடமே இல்லியா உனக்கு?

— சார், அவங்க...

— நீங்க இருங்க மேடம். ஏய், நான் ஊர்லேருந்து வந்தன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

— சொல்லணும்னுதான் கதவைத் திறந்தேன். பெட்டியை என் கைல குடுத்துட்டு நேரா அலமாரிக்குப் போனீங்க. லென்ஸ் வச்சுப் பாத்தீங்க. 'அப்பாடா, எல்லாம் பத்திரமா இருக்கு'ன்னீங்க. அன்னைக்கு என் தலைல ஒன்பது தையல். கட்டு கூடப் பிரிக்கல.