கடன் வாங்கிய பதக்கம்

கரியடுப்பை நடுவே இழுத்துப் போடுங்கள். விடியும்வரை மின்சாரம் வரப்போவதில்லை. கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரும்... பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

ராத்திரி இரண்டு மணி. மிதோண்டி செக்போஸ்ட். இரண்டு பக்கமும் காடு. நடுவே ஒற்றைத் தார்ச்சாலை, ஒரு தகரக் கொட்டகை, சாலைக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையும் அடித்த தடுப்புக் கம்பு. கம்புக்குப் பக்கத்தில் சார்ஜென்ட் கபெம்ப்வா நின்றுகொண்டிருந்தார். என்னோடு வேலை பார்க்கும் லோம்பேக்கு அவர் சொந்தச் சித்தப்பா. யாரோ எவரோ சொன்ன கதை இல்லை இது.

அவர் அந்நேரம் அங்கே இருந்திருக்கவே கூடாது. மூன்று மைல் தள்ளி, போலீஸ் குடியிருப்பில், கட்டிலில் படுத்துத் தூங்கிய மனிதர். கண் விழித்தால்... நின்றுகொண்டிருக்கிறார். சீருடை, பூட்ஸ், விசில் சங்கிலி எல்லாம் சரியாக இருக்கின்றன. நெஞ்சில் ஏதோ சங்கிலியில் இடித்து, கிணுக்... கிணுக் என்கிறது. தொட்டுப் பார்த்தார். மத்தியானம் ஸ்டேஷன் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த பதக்கம்.

பதினெட்டு வருஷம் ஒரு கரும்புள்ளி இல்லாமல் வேலை பார்த்தவர்களுக்குத் தரும் பதக்கம் அது. அதை வாங்கியவருக்குக் கேட்ட ஊருக்கு மாற்றல் கிடைக்கும். கபெம்ப்வா கேட்டது கிட்வே நகரம். மனைவியும் மகள் முத்தாலேயும் அங்கேதான் இருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்களோடு சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. காலை பஸ்ஸுக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தார்.

அணிவகுப்புக்குப் பதக்கம் குறைவாக வருவது வழக்கம்தான். அன்றைக்கு ஆள் ஏழு, பதக்கம் ஆறு; விடுபட்டவர் கபெம்ப்வா. அப்படியானால் ஸ்டோரில் கிடக்கும் பழையது ஒன்றைக் கடன் வாங்கிக் குத்திக்கொள்வார்கள். பதக்கம் குத்த வந்த பெரிய அதிகாரி போனதும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எல்லா ஸ்டேஷனிலும் நடக்கிற கூத்துதான். ஸ்டோரில் இருந்தது ஒன்றே ஒன்று. விளிம்பில் கான்ஸ்டபிள் சிசங்காவின் நம்பர் வெட்டியிருந்தது. பதினெட்டு வருஷம் முடிய ஒரே ஒரு ராத்திரி இருந்தபோது அவர் செத்துப்போனார். அதனால் பதக்கம் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

ஸ்டோர்க்காரர் தயங்கினாராம். "அண்ணே, இது செத்தவன் சாமான். நெஞ்சுல குத்திக்காதீங்க, கையில வாங்கிக்கங்க."

"பெரிய ஐயா நெஞ்சுலதான்டா குத்துவாரு. குடு இங்க" என்று வாங்கிக்கொண்டார் கபெம்ப்வா.

இப்போது கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மரியாதையான குரல்.

"அண்ணே... என் பதக்கத்தைப் போட்டுக்கிட்டீங்கல்ல. எனக்கு ஒரு ராத்திரி பாக்கி. நின்னு குடுத்துடுங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷம் நின்றவனுக்கு ஒரு ராத்திரி என்ன பெரிய விஷயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் பச்சை மரம் அறுத்த வாசனை வந்தது. கூடவே டீசல் நாற்றம். தூரத்தில் ஓர் உறுமல்... விளக்கு மட்டும் இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வண்டி நிற்கும்வரை கம்பை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் போலீஸில் சட்டம். சிசங்கா நகரவில்லை. விளக்கில்லாத மர லாரி அவர்மேல் ஏறிப் போனது இதே இடத்தில்தான்.

கபெம்ப்வா பள்ளத்தில் குதித்தார். காற்று மட்டும் அடித்துக்கொண்டு போனது. கம்பு அப்படியே இருந்தது. கொட்டகைக்குள் யாரோ "ச்சு" என்றார்கள்.

"பரவால்ல அண்ணே. நாளைக்கு."

காலையில் பஸ் ஏறி கிட்வே போனார். மனைவி ஆக்கிப்போட்ட சீமா என்கிற சோளமாவுக் களியையும் நெத்திலியையும் தின்றுவிட்டு நடந்ததைச் சொன்னார். அவள் தன் இடுப்புத் துணியைக் கிழித்து, அவர் காலையும் தன் காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தாள். இரண்டு மணிக்கு அவர் செக்போஸ்டில் நின்றார். கணுக்காலில் துணி இருந்தது, முடிச்சுகூட அவிழாமல்.

மூன்று முறை கிட்வே போய்ப் பார்த்தார். மூன்று முறையும் அதுதான். பதக்கத்தை ஆற்றில் எறிந்தார். இரண்டு மணிக்கு நெஞ்சில் கிணுக். பாஸ்டர் ஒருவர் துணைக்கு வந்து ஜெபம் செய்தார். ஒன்றரைக்கே கிளம்பிவிட்டார், வேறு வேலை இருந்ததாம். தினமும் லாரி வரும். இவர் குதிப்பார். "நாளைக்கு அண்ணே" என்று குரல் கேட்கும். மாற்றல் உத்தரவு பெட்டிக்குள் கிடந்து மக்கியது. இப்படியே மூன்று வருஷம் போனது. பாவம், என்ன செய்வார் அந்த மனுஷன்?

போன மாதம் லோம்பே ராத்திரி பஸ்ஸில் அந்த வழியாகப் போனான். சனிக்கிழமை முத்தாலேக்குக் கல்யாணம் என்று சித்தப்பாவிடம் நேரில் சொல்லத்தான் போனான். கம்புக்குப் பக்கத்தில் எலும்பும் தோலுமாக நின்றிருந்தார். கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் பின்னால் சாலையை எட்டிப் பார்த்தார்.

"உன் பஸ்ஸுக்குப் பின்னாடி ஏதாச்சும் வண்டி வருதா?"

"இல்ல சித்தப்பா."

"வரும். முத்தாலேகிட்ட சொல்லு, அப்பா கல்யாணத்துக்கு வரேன்னு. இன்னிக்கு நான் ஒதுங்க மாட்டேன்."

பஸ் கிளம்பியது. சித்தப்பா சாலை நடுவே போய்க் கையை உயர்த்துவதை லோம்பே பின்கண்ணாடியில் பார்த்தான். பிறகு இருட்டு. சாத்திய ஜன்னல் வழியாகப் பச்சை மர வாசனை வந்தது.

சனிக்கிழமை அவர் வந்துவிட்டார்! நெஞ்சில் பதக்கம் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ராத்திரி எல்லோர் கண்ணும் கடிகாரத்தில் இருந்தது. இரண்டு அடித்தது. இரண்டேகால் ஆனது. அவர் அங்கேயேதான் இருந்தார். சித்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

மகளை ஆசீர்வதிக்க அவர் எழுந்தபோது, லோம்பே சந்தோஷம் தாங்காமல் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். சட்டை ஈரமாக, சில்லென்று இருந்தது. கையை எடுத்தான்... உள்ளங்கை முழுக்கச் செம்மண். அவர் முதுகில், இடது தோளிலிருந்து இடுப்புவரை, பட்டை பட்டையாக லாரி டயரின் தடம்.

அவர் திரும்பாமலேயே மெதுவாகச் சொன்னார். "சித்திகிட்ட சொல்லிடாதடா."

இப்போதும் கிட்வேயில்தான் இருக்கிறார். தினமும் காலையில் சித்தி அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுகிறாள். செம்மண் கறை போகவே மாட்டேன் என்கிறது என்று பக்கத்து வீட்டில் அலுத்துக்கொள்கிறாள். என்ன கறை என்று அவரிடம் மட்டும் அவள் கேட்பதே இல்லை.