மூடி பொருந்தாத ஜாடி

— முதல்ல அந்த நரி மூஞ்சியைக் கழட்டிட்டுப் பேசுங்க, பாஷெது சாமி. உள்ளேருந்து என்ன சொல்றீங்கன்னு ஒரு எழவும் கேக்கல.

— மூஞ்சின்னு சொல்லாதீங்கம்மா. இதை மாட்டிக்கிட்டா நான் பாஷெது இல்ல. பிணங்களைக் காக்கும் அநுபிஸ், மேற்குக் கரையின் அதிபதி, புனிதக் கூடாரத்தின்...

— அதிபதிக்குத் தாடையில வேர்வை ஒழுகுது. கழட்டுங்க.

— ...சரி. சுட்ட மண்ணு, கொஞ்சம் கனம்தான். சொல்லுங்க. நாளைக்குப் புருஷனை அடக்கம் பண்ணப்போற அம்மா இன்னிக்குப் பிணம் பதப்படுத்துற இந்தக் கூடாரத்துக்கு வர்றது வழக்கமில்லையே. வீட்ல உக்காந்து தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டு அழணும்.

— அதுக்கு ஆள் வச்சிருக்கு. என்னைவிட நல்லா அழறாங்க. நான் ஜாடி பாக்க வந்தேன். நாலுல மூணு சரியா இருக்கு. மனுஷத் தலை மூடி போட்டதுல ஈரல், நரித் தலையில இரைப்பை, பருந்துத் தலையில குடல். இந்தக் குரங்குத் தலை மட்டும் ஏன் சாமி மூடமாட்டேங்குது?

— அதுல இருக்கிறது நுரையீரல்மா. யாரோட நுரையீரல்? தானியக் கிடங்கு அதிகாரி நெப்செனியோடது! பெரிய மனுஷங்களுக்கு மூச்சும் பெருசு.

— நாலு படி ஏறினா நாய் மாதிரி இளைக்கும் அவருக்கு.

— அப்போ கல்தச்சன் வாயைச் சின்னதாக் குடைஞ்சிட்டான்.

— வீட்ல இத்தனை நாளும் மூடித்தான் இருந்துச்சு. கொஞ்சம் தள்ளுங்க, உள்ள பாக்கறேன்.

— ஐயோ தொடாதீங்க! மந்திரம் சொல்லிக் கட்டின பொட்டலம்!

— ரெண்டு பொட்டலம் இருக்கு. பெருசு நுரையீரல், சரி. முஷ்டி அளவுல இருக்கே, இது என்ன?

— வெளிய பிசின் காய்ச்சறவனுங்க இருக்கானுங்க, மெதுவாப் பேசுங்க தாயி. அது... அவரோட இதயம்.

— இதயத்தை உள்ளேயே விடணும்னு செருப்புத் தைக்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

— எனக்குத் தெரியாதா? அன்னிக்கு உங்க சொந்தக்காரங்க எல்லாம் பெரிய பெரிய ஆளுங்களா வந்து நின்னாங்க. சரி, ஒரு கம்பீரமா இருக்கட்டும்னு அறுக்கும்போதும் இந்த அநுபிஸ் தலையை மாட்டியிருந்தேன். கழுத்துகிட்ட இருக்கிற ரெண்டு ஓட்டை வழியா என்ன தெரியும்? எதிர்ல நிக்கிற பெரிய மனுஷங்க தெரிவாங்க. படுத்திருக்கிறவர் தெரியமாட்டாரு. கையை விட்டேன், நுரையீரல்னு இழுத்தேன், ரெண்டும் சேந்து வந்துடுச்சு. உப்புல காயப்போட்டு எடுத்துப் பிரிக்கும்போதுதான் பாத்தேன். அதுக்குள்ள இந்தப் பக்கம் பசங்க அவரைத் தச்சு, துணி சுத்தி, தாயத்துக் கட்டி, பிசினும் ஊத்தி முடிச்சிட்டானுங்க.

— கமுக்கமாத் தூக்கி எறிஞ்சிருக்கலாமே.

— உடம்பைத் துடைச்ச துணியைக்கூட எறியமாட்டோம், புதைப்போம். இதயத்தையா எறிவேன்? நான் நேர்மையான ஆளு தாயி.

— தெரியுது.

— தலைமைப் பூசாரி காதுக்குப் போச்சுன்னா என்னை ஆத்தங்கரையில குடல் கழுவ விட்டுருவாரு. பிள்ளைகுட்டிக்காரன். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, இது ஒரு வகையில நல்லதுதான்.

— யாருக்கு?

— அவருக்குத்தான்! அங்க, செத்தவங்களை விசாரிக்கிற ஒசிரிஸ் சபையில போய் நிக்கிறாரு. தராசு இருக்கு. ஒரு தட்டுல இறகு. இன்னொரு தட்டுல வைக்க இதயம் எங்க? இல்ல. இல்லாததை எப்படி நிறுப்பாங்க? ஜாடியில இருக்கு, பூசி மூடியாச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருக்கலாம். இறகைவிடக் கனமான இதயத்தை முழுங்குற முதலைமூஞ்சிப் பேய் சும்மா வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

— அவருக்கு எதுக்கு சாமி இந்தத் தந்திரமெல்லாம்? கல்லறைச் சுவத்துல எழுதியிருக்கே, படிச்சீங்களா? பசிச்சவனுக்கு ரொட்டி கொடுத்தேன், மரக்கால்ல கை வைக்கல...

— அம்மா, நான் அறுக்கிற அத்தனை பேரும் பசிச்சவனுக்கு ரொட்டி கொடுத்தவங்கதான். அப்புறம் ஊர்ல எப்படி இத்தனை பேர் பசியோட இருக்காங்கன்னு நான் யாரையும் கேட்டதில்ல.

— இந்த ஜாடிங்க எப்ப வந்துச்சுன்னு தெரியுமா? ஆத்துல வெள்ளம் வராம வயல் காஞ்ச வருஷம். ஊரே தாமரைக் கிழங்கைத் தோண்டித் தின்னுச்சு. எங்க வாசல்ல பளிங்கு வந்து இறங்குச்சு.

— ஆங், அந்த வருஷம்! மறக்க முடியுமா? கிடங்குல கோதுமை குறையுதுன்னு தெரிஞ்சதும், சொந்த மச்சான்னுகூடப் பாக்காம மன்றத்துல கொண்டுபோய் நிறுத்தினாரே! அரசர் மேல சத்தியம் பண்ணி அவரே சாட்சி சொன்னாரே! ஊரே கையெடுத்துக் கும்பிட்டுது.

— இப்பூய். என் தம்பி பேரு இப்பூய். கிடங்குல படி அளந்துக்கிட்டு இருந்தான். மூக்கையும் காதையும் அறுத்து, தெக்கே தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினாங்க. அங்கேயே செத்துட்டான். மணல்ல தள்ளி மூடினாங்களாம்.

— அடடா. திருடன்னாலும் கூடப்பொறந்தவன். வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

— அவன் செத்தும் அந்தப் பேரு போகல. சரி, அது கிடக்கட்டும். இந்த இதயம் அங்க என்ன பண்ணும்? இவர் வேணாம்னாலும் பேசுமா?

— நல்லாக் கேட்டீங்க! உடம்புல பொய் சொல்லத் தெரியாத சதை அது ஒண்ணுதான். ஆளு வாயைத் தொறக்கிறதுக்கு முன்னாடி கொட்டிடும். எந்த வருஷம், எந்தக் கிடங்கு, யாரை மாட்டிவிட்டு... அதாவது, பொதுவாச் சொல்றேன்மா. அதுக்குத்தானே கல்வண்டுல மந்திரம் செதுக்கி நெஞ்சு மேல வச்சுக் கட்டுறோம், அது வாயடைக்க.

— எல்லார் முன்னாடியுமா சொல்லும்?

— ஒசிரிஸ், நாப்பத்திரெண்டு நீதிபதிங்க, வரிசையில நிக்கிற செத்தவங்க, எல்லார் முன்னாடியும். மானம் கப்பலேறிடும். அதனாலதான் சொல்றேன், இது ஜாடியிலேயே கிடக்கட்டும். மூடியோட அடியைக் கொஞ்சம் தேய்ச்சா உக்காந்துடும். உங்க வீட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் யாராலும் பண்ண முடியாது.

— நல்லாப் புரியவச்சீங்க, சாமி. கத்தி எங்க?

— மூடியை நானே தேய்ச்சுக்கறேன் தாயி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?

— மூடிக்கு இல்ல. அவர் மேல சுத்தின துணிக்கட்டைப் பிரிக்க.

— பிரிக்கிறதா! வெளிய அத்தனை பேர் இருக்கானுங்க, என் பொழப்பு நாறிடும்மா! இவ்வளவு நேரம் உங்க புருஷனைக் காப்பாத்தத்தானே மண்டையை உடைச்சிக்கிட்டேன்?

— நீங்க உடைச்சிக்கிட்டீங்க. அந்தக் கல்வண்டை என் கையில கொடுத்துட்டு, இதயத்தை உள்ள வச்சுத் தைங்க. என் தம்பி திருடலன்னு சொல்றதுக்கு இருக்கிற ஒரே சாட்சி அது.