நாற்பதாம் நம்பர்

தச்சர்: எந்தத் தாளை மாட்டுனீங்க மாப்பிள்ளை? முதல்ல அதைச் சொல்லுங்க!

மாப்பிள்ளை: நீங்க குடுத்த மரம் தேய்க்கிற மெஷின், நீங்க குடுத்த பை. பையில கிடந்த உப்புத்தாள்தான் மச்சான். நானா கடையில போய்…

தச்சர்: தாளுக்குப் பின்னால நம்பர் போட்டிருக்கும். என்ன நம்பர்?

மாப்பிள்ளை: …நாப்பது.

தச்சர்: நாப்பதா! ஐயோ, கல்யாணத்துக்கு நான் செஞ்சு குடுத்த மேசை மேலயா?

மாப்பிள்ளை: இருநூத்தி நாப்பதும் இருந்துச்சு. பெரிய நம்பர் பிறாண்டிரும், சின்ன நம்பர்னா பதமாத் தேய்க்கும்னு…

தச்சர்: தலைகீழ்! நம்பர் குறையக் குறைய முரடு. நாப்பதுங்கறது பழைய பெயின்ட்டைப் பேத்து எடுக்க. பின்கதவுக்குன்னு சொல்லித்தானே மெஷினை வாங்கிட்டு வந்தீங்க? அதனாலதான் அதைப் பையில போட்டேன்.

மாப்பிள்ளை: கதவும் மரம், மேசையும் மரம்!

தச்சர்: ஆமா, கன்னமும் தோல், உள்ளங்காலும் தோல்! கால் தேய்க்கிற கல்லால முகத்தைத் தேய்ப்பீங்களா?

மாப்பிள்ளை: கிண்டல் பண்ணாதீங்க. உங்க தங்கச்சி வேலை முடிஞ்சு வர்ற நேரம். அடுத்து எந்தத் தாள், சொல்லுங்க.

தச்சர்: எண்பது, நூத்திருபது, அப்புறம்தான் இருநூத்தி நாப்பது. ஒரு படி தாண்டினாலும் சுழி சுழியா கோடு நிக்கும்… மெஷினை அழுத்தினீங்களா?

மாப்பிள்ளை: போக மாட்டேன்னுச்சு… கொஞ்சம் உடம்பைச் சாய்ச்சு…

தச்சர்: இந்தத் தொப்பையோடயா!

மாப்பிள்ளை: சும்மா திட்டாதீங்க! இங்க வந்து பாருங்க. தேய்ச்ச இடத்துல வெளுப்பா ஒண்ணு, கறுப்பா ஒண்ணு, அடுக்கடுக்கா இருக்கே… என்ன இது?

தச்சர்: அது… தேக்கோட ரேகை.

மாப்பிள்ளை: ரேகையா! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே! பிளைவுட் மச்சான் இது!

தச்சர்: மெதுவா…

மாப்பிள்ளை: என்ன மெதுவா? கல்யாணத்துல எல்லார் முன்னாலயும் என்ன சொன்னீங்க? தங்கச்சிக்கு நானே இழைச்ச முழுத்தேக்குன்னு! வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் தட்டித் தட்டிக் காட்டியிருக்கேனே… கூடப் பிறந்தவளை ஏமாத்த எப்படி மனசு வந்துச்சு?

தச்சர்: அன்னைக்கு என்னால அவ்வளவுதான் முடிஞ்சுது. மேல ஒரு தோல் மட்டும் தேக்கு… அது அவளுக்குத் தெரிஞ்சு போச்சு மாப்பிள்ளை. அதான் ரெண்டு மூணு மாசமா என் போனையே எடுக்கறதில்ல. தெருவுல பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கறா. இருக்கறது ஒரே தங்கச்சி… எனக்குச் சோறே இறங்கல.

மாப்பிள்ளை: அ… அதை விடுங்க மச்சான். அந்த எண்பதைக் குடுங்க.

தச்சர்: இனி எந்த நம்பரும் ஆகாது. தோல் போனது போனதுதான். ஆமா, நல்லா இருந்த மேசையை எதுக்குத் தேய்ச்சீங்க?

மாப்பிள்ளை: கறுப்பா ஒரு கறை. தீஞ்ச கறை…

தச்சர்: எதுல தீஞ்சுது?

மாப்பிள்ளை: ஷ்ஷ்… வந்துட்டா!

தங்கச்சி: என்ன இது, வீடு பூரா தூசி? …ஓ, அண்ணனா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?

தச்சர்: அம்மாடி, கால்ல வேணா விழறேன். மேல மட்டும்தான் தேக்கு. உள்ள வந்து…

தங்கச்சி: அது எனக்கு அன்னைக்கே தெரியும்! முழுத்தேக்கு மேசையை நான் ஒருத்தியா நகர்த்திப் பெருக்க முடியுமா? உன்னால முடிஞ்சதைச் செஞ்சே, ஆசையா வெச்சிருந்தேன். அதுக்கா கோபப்படுவேன்? சாப்பிட வந்த அன்னைக்கு, சுடுசட்டியைத் தூக்கி வெறும் மேசைல வெச்சுட்டு, தீஞ்சு போனதும் ஒரு வார்த்தை சொல்லாமப் போனியே! நீயே செஞ்ச மேசைதானே… மனசே இல்லையா உனக்கு?

தச்சர்: சட்டியா? நானா? எந்தச் சட்டி? யார் சொன்னது?

தங்கச்சி: இவர்தான்… என்னங்க, சொல்லுங்க. ஏன் முழிக்கிறீங்க?

மாப்பிள்ளை: அது… சட்டி இல்லம்மா. சட்டை. அவசரத்துல மேசை மேலயே வெச்சு இஸ்திரிப் பெட்டியால தேய்ச்சுட்டேன்.