செம்பருத்தித் தண்ணி

— இப்ப நிறுத்தலாமாம்மா?

— எதை நிறுத்தணும்?

— சொட்டு விடுறதைத்தான். தண்ணி நிறம் மாறிடுச்சா?

— கிளாஸ் உன் மூக்குக்கு முன்னால இருக்கு, கேள்வி என்கிட்ட. மீன் ஆலையில நாள் பூரா நின்னுட்டு வந்திருக்கேன் இலியேசா. மரவள்ளி உரிக்கவா, உன் சோடாத் தண்ணிக்குக் காவல் இருக்கவா?

— ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரும்மா. இது மேடம் குடுத்த வீட்டுப்பாடம். செம்பருத்தியை வேகவெச்ச தண்ணியில எலுமிச்சை பிழிஞ்சா ஒரு நிறம். அதுலயே சமையல் சோடாத் தண்ணி விட்டுக்கிட்டு வந்தா இன்னொரு நிறம். மாறுற சொட்டுல கையை நிறுத்தணும். வியாழக்கிழமை செய்முறைப் பரீட்சையிலயும் இதேதான். பூவுக்குப் பதிலா வேற மருந்து, அவ்வளவுதான்.

— அது மாறி எந்தக் காலமாச்சு. பச்சைப் பசேல்னு நிக்குது. நீ இன்னும் விட்டுக்கிட்டே இருக்க.

— பச்சையா?

— பின்ன, நீலமா?

— சரி. கொட்டிடறேன். முதல்லேருந்து வரேன். முதல்ல எலுமிச்சை, அப்புறம் சோடா. இந்தத் தடவை மாற ஆரம்பிச்சதும் 'நிறுத்து'ன்னு மட்டும் சொல்லு.

— ஏன்டா, ரோஷ்னி மேடம் போன ஞாயிறு சர்ச் வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? கணக்குப் பகுதியில உன்னை அடிச்சுக்க கடைசி வருஷப் பதிமூணாம் வகுப்புல ஆளே இல்லையாம். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பக்கத்துல நின்னு நான் நிறுத்து சொல்லணுமா?

— கணக்கு வேற, இது வேறம்மா. கணக்குல தப்பிருந்தா திரும்பப் போட்டுப் பார்க்கலாம். இதுல சொட்டு விழுந்தா விழுந்ததுதான். பள்ளிக்கூடத்துல எப்பவும் மெரேசேனி சொல்லிடுவா.

— ஓ... மெரேசேனி.

— அந்த மாதிரி இல்லம்மா.

— நான் எந்த மாதிரின்னும் கேக்கலையே, ராசா. காது மட்டும் ஏன் சூடாகுது?

— அவளும் நானும் ஒரே மேசை. அவளுக்குக் கணக்கு வராது, எனக்கு... இது வராது. மாறுற நேரத்துல மேசைக்கு அடியில என் காலைத் தட்டுவா. நான் குழாயை மூடிடுவேன். ரெண்டு வருஷமா இப்படித்தான். வியாழக்கிழமை ஆளுக்கொரு மேசை.

— காலைத் தட்டினாளா? எதுக்கு? நீ பார்த்துக்கிட்டுத்தானே இருப்ப?

— பார்த்துக்கிட்டுத்தான் இருப்பேன்.

— பாரு, உனக்குப் பயம். அவ்வளவுதான். உன்னை நீயே நம்ப மாட்ட. சின்ன வயசுலேருந்தே அப்படி. பூட்டின கதவைத் திரும்பிப் போய் ஆட்டிப் பார்க்கிற பிள்ளை நீ. சுவாவுல கப்பல் கல்லூரியில சேர்ந்த பிறகும் இப்படி இருந்தா, சுக்கானை யார் பிடிப்பாங்க?

— சேர்ந்தா பார்த்துக்கலாம்.

— சேர்ந்தாவா? இந்தப் பரீட்சை ஒண்ணுதானேடா பாக்கி. ஒருநாள் நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, நம்ம துறைமுகத்துக்குள்ள ஒரு கப்பலைக் கொண்டுவந்து கட்டணும். அன்னிக்கு நான் நடுப் படகுத்துறையில நாற்காலி போட்டு உட்காரணும். அபிசாயோட பொண்ணு, குடிகாரக் கேப்டன் பொண்ணுன்னு இத்தனை வருஷம் பேசின வாயெல்லாம் அதைப் பார்க்கணும்.

— அம்மா, தாத்தா கதை இப்ப வேணாமே.

— ஏன் வேணாம்? பாறைத்திட்டு இடுக்குல ரெண்டே ரெண்டு விளக்கு. உள்ள வரும்போது சிவப்பு இடது கைக்கு, பச்சை வலது கைக்கு. எத்தனை வருஷம் போய் வந்த மனுஷன்! அன்னிக்குப் பச்சை அணைஞ்சு கிடந்துச்சு. சரி, மிச்சம் இருந்த சிவப்பு எரிஞ்சுதே? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சிவப்புன்னு சொல்லும். இவர் அதை வலது கைக்கு விட்டுட்டு நேரா பாறையில கொண்டுபோய் ஏத்தினார். படகுல இருந்த நம்ம ஊர் செருவோட பொண்டாட்டியும் பச்சைக் குழந்தையும் செத்துப்போனாங்க. விசாரணையில அவரே எழுந்து நின்னு சொன்னார்: யங்கோனா வேர்ச்சாறு அளவுக்கு மேல குடிச்சிருந்தேன், தலை நிக்கலைன்னு. வேற யார் சாட்சி சொல்லணும்?

— தெரியும்மா. நூறு தடவை சொல்லிட்ட.

— மன்னிப்புக் கேக்கிற முறைப்படி திமிங்கலப் பல்லை எடுத்துக்கிட்டுப் போய் செரு வீட்டு வாசப்படிக்குக் கீழ தலை குனிஞ்சு உட்கார்ந்தோம். நிறைமாசம் எனக்கு, காலை மடக்கக்கூட முடியலை. அவங்க பல்லை வாங்கிக்கிட்டாங்க, மன்னிச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒருத்தன்கூட அவர் பக்கத்துல உட்கார்ந்து கிண்ணம் வாங்கிக் குடிச்சதில்ல. அவர் சாகிற வரைக்கும் நானும் அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. அதைத்தான் நீ துடைக்கணும்.

— அம்மா, கத்தியைக் கீழ வெச்சுட்டு இப்படி வா.

— என்ன?

— இந்த மேசையில ரெண்டு கிளாஸ் வெச்சிருக்கேன். எது பச்சை?

— விளையாடாதே.

— எனக்குத் தெரியலைம்மா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. பழைய டீ மாதிரி. ஒண்ணு கொஞ்சம் கறுப்பா இருக்கோன்னு தோணுது. அதுவும் சரியான்னு தெரியலை.

— ...இந்த மிளகா? ரெண்டுல எது பழுத்தது?

— தொட்டுப் பார்த்தா சொல்லிடுவேன்.

— தொடாம சொல்லு.

— தொடாம முடியாது.

— என் பாவாடை?

— பூப் போட்டது.

— பூ என்ன நிறம்னு கேட்டேன்.

— சிவப்புன்னு நீ எப்பவோ சொன்ன. அதை ஞாபகம் வெச்சிருக்கேன். எல்லாத்தையும் அப்படித்தான் ஞாபகம் வெச்சிருக்கேன்.

— கடவுளே. அப்ப போன வருஷம் ரக்பியில... எதிர் அணிக்காரன் கையில பந்தைக் கொண்டுபோய்க் குடுத்தியே...

— அவங்க சட்டை பச்சை, நம்ம சட்டை சிவப்பாம். மழையில சேறு வேற. எனக்குப் பதினஞ்சு பேருக்குப் பதிலா முப்பது பேர் நம்ம ஆளுங்க.

— சிரிக்க வைக்காதே. ஊரே அதைச் சொல்லிச் சொல்லி சிரிச்சுது. நானும் சிரிச்சேனேடா. ஏன் சொல்லலை நீ?

— எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு ரொம்ப நாள் நெனச்சேன். நான்தான் கூர்ந்து பார்க்கலை, என்கிட்டதான் சோம்பேறித்தனம்னு. டைட்ரேஷன் வந்த பிறகுதான் உறைச்சுது. மேடம் போன வாரம் கண்டுபிடிச்சுட்டாங்க. மெரேசேனி லீவு. நான் கூம்புக் குடுவை நிரம்புற வரைக்கும் விட்டுக்கிட்டே நின்னேன்.

— திட்டினாங்களா?

— இல்லை. எல்லாரும் போன பிறகு பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாங்க. ரெண்டு பாட்டிலைக் காட்டி நிறம் கேட்டாங்க. நான் ஒண்ணைச் சரியா சொன்னேன். குருட்டாம்போக்குல. அவங்களுக்கும் அது தெரிஞ்சுபோச்சு. இதுக்கு வழி இருக்குன்னாங்க. டாக்டர் பார்த்து எழுதிக் குடுத்தா, பரீட்சையில ஒருத்தரைப் பக்கத்துல உட்கார வைப்பாங்களாம். அவங்க நிறத்தை மட்டும் சொல்லுவாங்க, மத்ததெல்லாம் நான். அது காப்பி அடிக்கிறது இல்லையாம். நீ ஒரு கையெழுத்து போடணும்.

— அவ்வளவுதானா? பேனாவைக் குடு.

— அவ்வளவுதான் இல்லம்மா. அது பதிவாயிடும். கப்பல் கல்லூரியிலயும் கேப்பாங்க. நிறம் தெரியாதவனை சுக்கான் பக்கத்துல நிக்க விட மாட்டாங்க.

— அப்ப கையெழுத்து இல்லை.

— அம்மா.

— இல்லைன்னா இல்லை. மெரேசேனியை அடுத்த மேசையில உட்காரச் சொல்லு. இருமச் சொல்லு. இத்தனை நாள் ஓட்டலையா? கடல்ல என்ன, பூவா பறிக்கப் போற? பழகிடும். யாருக்குத் தெரியப்போகுது?

— மேடமும் அதைத்தான் கேட்டாங்க. இத்தனை நாள் வீட்டுல யாருக்குமே தெரியலையான்னு. இது வழிவழியா வர்றதாம். சொல்லவா? நீ கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— அம்மா வழியா வர்றது.

— என் வழியாவா? அந்த மேடத்துக்கு என்ன திமிரு. ஆலையில ரத்தம் பட்ட மீனையும் படாத மீனையும் வேகமா ஓடுற பட்டையில பிரிக்கிறவ நான். என் கண்ணுல என்ன குறை?

— உன் கண்ணுல ஒண்ணும் இல்லை. பொம்பளைங்க கிட்ட பெரும்பாலும் வெளிய தெரியாதாம். சும்மா சுமந்துக்கிட்டு வந்து பிள்ளைக்குக் குடுப்பாங்களாம். அனேகமா உங்க அம்மாவோட அப்பாவுக்கு இருந்திருக்கும், கேட்டுப் பாருன்னாங்க.

— கேக்கிறதுக்கு ஆள் எங்க? மண்ணுக்குள்ள இருக்கார். அதோட அவர் கேப்டன்டா. பாதி வாழ்க்கை சுக்கான்ல நின்னவர். கண்ணு தெரியாமலா?

— நானும் அதையேதான் சொன்னேன். நான் தப்பா புரிஞ்சுக்கிட்டு இருக்கலாம். விட்டுடு.

— ரெண்டு விளக்கும் எரிஞ்சா யார் வேணும்னாலும் வந்துடலாம். இடது பக்கம் இருக்கிறது சிவப்பு, வலது பக்கம் இருக்கிறது பச்சை. நிறமே பார்க்க வேண்டாம். நடுவுல விட்டா போதும்.

— ஆமாம்மா.

— பப்பாளியை அவர் கையால பறிக்கவே மாட்டார். வாஸிதி, நீ பறின்னு என்னைத்தான் மரத்துக்கு அனுப்புவார். எனக்கு அது பெருமை.

— ம்.

— படகுலயும் அப்படித்தான். ஆறு வயசுலேருந்து என்னை முன் முனையில உட்கார வெச்சுக்குவார். பொட்டப் பிள்ளைக்குப் படகுல என்ன வேலைன்னு ஆளாளுக்குச் சொல்லுவாங்க. காதுலயே வாங்க மாட்டார். எதிர்ல ஏதாவது விளக்கு தெரிஞ்சா, 'என்ன நிறம் குட்டி?'ன்னு கத்துவார். நான் திருப்பிக் கத்துவேன். சரியா சொன்னா ஒரு பெப்பர்மின்ட். கல்யாணம் ஆன பிறகும் விடலை. டிக்கெட் கிழிக்க ஆள் வேணும்னு கூட்டிக்கிட்டுப் போவார். அப்பவும் அதே கேள்வி, 'என்ன நிறம் குட்டி?' பயணிங்க எல்லாம் சிரிப்பாங்க. நானும்தான். விளையாட்டுன்னு நெனச்சேன்டா.

— அம்மா... இப்படி உட்காரு.

— மெரேசேனி உன் காலைத் தட்டுவான்னு சொன்ன இல்ல.

— ஆமா.

— அவ லீவு போட்ட அன்னிக்கு நீ விட்டுக்கிட்டே நின்ன.

— ஆமாம்மா.

— அவர் யங்கோனா ரெண்டு கிண்ணத்துக்கு மேல தொட மாட்டார். மூணாவது வந்தா கையைத் தட்டிட்டு எழுந்துடுவார். எனக்குத் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியும். ஆனா அவரே சொன்ன பிறகு நாங்க என்ன சொல்றது?

— ஏன் அப்படிச் சொன்னார்? கண்ணுக்கு நிறம் தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே. குடிச்சேன்னு சொல்றதுக்கு அது மேல் இல்லையா?

— அந்தக் காகிதம் எங்க?

— எந்தக் காகிதம்?

— கையெழுத்துப் போட வேண்டியது. எடு. பேனாவையும் எடு. நீ கடலுக்குப் போக வேணாம்.

— நீ படகுத்துறையில நாற்காலி போடணும்னு...

— நாற்காலி கிடக்குது. கையெழுத்து எங்க போடணும்? இங்கேயா?

— இங்க. கீழ உன் பேரும் எழுதணும். அம்மா, அழாதே. நான் கேட்டிருக்கவே கூடாது. அந்த ராத்திரி அவர் உன்கிட்ட கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. ஏன் கேக்கலை?

— கேக்க நான் அங்க இல்லையே. அன்னிக்குக் காலையில காத்து பலமா இருந்துச்சு. வாந்தி வேற. நான் வரேன்னுதான் நின்னேன். வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு இந்த அலையில வேணாம், நான் பார்த்துக்கிறேன்னு கையைப் பிடிச்சு இறக்கிவிட்டார்.

— வயித்துல... நானா?

— விசாரணையில ஏன் பாறையில ஏறுச்சுன்னு அதிகாரி மூணு தடவை கேட்டார். நிறம் தெரியலைன்னு அவர் சொல்லியிருந்தா, அன்னிக்கு நான் ஏன் படகுல இல்லைன்னு கேட்டு, பழி நம்ம ரெண்டு பேர் மேலயும் வந்திருக்கும். அவர் திரும்பி, முதல் வரிசையில உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார், என் வயித்தைப் பார்த்தார். அதுக்குப் பிறகுதான்டா 'குடிச்சிருந்தேன்'னு சொன்னார்.