சூடு தெரியலன்னாரு

இல்லக்கா, பை மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல. கையில இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. நீங்க குமராட்சிப் பக்கமா? நாங்க கடலூர் பக்கம், கடக்கரை. இந்த சிதம்பரத்து ஆஸ்பத்திரியில வந்து படுத்து ஒரு மாசமாவப் போவுது. இன்னிக்கு வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க. டாக்டரம்மா வந்து கையெழுத்துப் போட்டா கெளம்ப வேண்டியதுதான்.

சந்தோசமா? அட போங்கக்கா. என் கையத் தொட்டுப் பாருங்க. ஐஸ்பெட்டியில விட்டு எடுத்த மாதிரி இருக்குதா? அவர வீட்டுக்குக் கூட்டிக்கினு போவ எனக்குப் பயமா இருக்குதுக்கா.

எங்கூட்டுக்காரருதான். அதோ ஜன்னலோரக் கட்டில்ல, செவப்புத் துண்டு போட்டுக்கினு சிரிச்ச மூஞ்சியா உக்காந்திருக்காரே, அவரு. பேரெல்லாம் நான் சொல்லமாட்டேன், பலகையில பக்கிரின்னு எழுதி... ஐயய்யோ, சொல்லிட்டேன் பாருங்க. என் புத்தியே என்கிட்ட இல்ல.

ரெண்டு பாதமும் வெந்துபோச்சுக்கா. தீமிதியில.

இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். அவரு விசைப்படகுல தொழிலுக்குப் போறவரு. கொஞ்ச காலமாவே ஆளு சரியில்ல. கரைக்கு வந்தா பேச்சே கெடையாது. வலைய மடியில போட்டுக்கினு மணலையே பாத்துக்கினு இருப்பாரு. சோறு மட்டும் ஜாஸ்தி. சாப்ட்டு கை கழுவிட்டுத் திரும்ப வந்து பானையில கை விடுவாரு. ஒடம்பு ஊதிப்போய் சுகரும் வந்துடுச்சு. சரி, சுகரு வந்த கவலையிலதான் மனுசன் ஒடைஞ்சிட்டாருன்னு நானும் நெனைச்சிக்கினேன்.

அப்போதான் இங்க கூட்டியாந்தோம். மனசுக்குப் பாக்குற டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாங்க. மூளையில அடியாழத்துல, பின்கழுத்துக்கு மேல ஒரு எடம் இருக்குதாம். செரட்டோனின்னு ஒண்ணு அங்க ஊறுதாம். அங்கேருந்து ஒரு பக்கம் மனசப் பாக்குற எடத்துக்குப் போவுதாம், இன்னொரு பக்கம் பசி, தூக்கம், சுகரு இதெல்லாம் பாக்குற எடத்துக்குப் போவுதாம். அங்க கோளாறு ஆனா ரெண்டு பக்கமும் ஆட்டம் காணுமாம். இது ஒண்ணேதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா, இதுவும் ஒரு காரணம், மனசையும் சுகரையும் சேத்துத்தான் பாக்கணும்னாங்க. எனக்கு டக்குனு புரிஞ்சிடுச்சு. போட்டுல ஒரே பேட்டரிதான். லைட்டும் அதுலதான் எரியுது, வயர்லெஸ்சும் அதுலதான் பேசுது. பேட்டரி எறங்கினா ரெண்டுமே போச்சு.

மாத்திரை குடுத்தாங்க. வேலை செஞ்சுதுக்கா, பொய் சொல்லக்கூடாது. பையன் ஹரிஷ திட்ட ஆரம்பிச்சாரு. அவரு வாயத் தொறந்து திட்றாரேன்னு எனக்கு அழுவையே வந்துடுச்சு.

அப்புறம் வைகாசி வந்துச்சு. மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில. எங்க ஊரு திரௌபதியம்மனுக்குத் தீமிதி. எம் மாமியா வேலம்மாளு, புள்ளைக்கு நல்லாவணும்னு வேண்டிக்கினு அவருக்குக் காப்பு கட்ட வெச்சுட்டாங்க. காப்பு கட்டினா எங்க தெருவுல ஊரு எல்லைய தாண்டக்கூடாது, ஒரு வேளைதான் சோறு, மருந்து மாத்திரை வாயில படக்கூடாது. ஆத்தா பாத்துக்குவான்னு எல்லா அட்டையையும் மஞ்சத்துணியில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வெச்சுட்டாங்க. நானும் அதுக்கு வெளக்கேத்திக் கும்புட்டேன். என்னாத்த சொல்ல.

ஆமாக்கா, திடீர்னு நிறுத்தக்கூடாதாம். இப்பத்தானே தெரியுது. அப்போ பாக்க நல்லாத்தான் இருந்தாரு. பயங்கர அமைதி. பாத்தியா ஆத்தா எறங்கிட்டான்னு மாமியாளுக்குப் பெருமை தாங்கல.

தீமிதி அன்னிக்கு சாயங்காலம் நெருப்புக் குழியில எறங்குறாங்க. எல்லாரும் தடதடன்னு ஓடித் தாண்டுறாங்க. இவரு நடுவுல போயி நின்னுட்டாரு. நெருப்புல. நின்னாருக்கா! கையக் கூப்பிக்கினு அப்புடியே நிக்குறாரு. ஜனம் கோவிந்தா கோவிந்தான்னு கத்துது. என் தம்பி இளவரசுதான் உள்ள குதிச்சு இழுத்துப் போட்டான். அவனுக்கும் கால்ல கொப்புளம்.

ஏன் நின்னீங்கன்னு டாக்டருங்க கேட்டாங்க. சூடு தெரியலன்னாரு. பாதத்துல தூண்டில் நரம்பு போல ஒண்ணால தொட்டுப் பாத்தாங்க. நெசமாவே தெரியல. சுகருல நரம்பு செத்துப்போச்சு, அதான்னு எழுதிட்டாங்க. மனசுக்குப் பாக்குறவங்களும் வந்தாங்க. சிரிச்சுச் சிரிச்சுப் பேசி அனுப்பிட்டாரு. மாத்திரைய மறுபடியும் ஆரம்பிச்சிருக்காங்க, புடிக்கக் கொஞ்ச நாளாவுமாம்.

நாளைக்குத் தடை முடியுதுக்கா. மொத நாளே போட்டுல ஏறுவேன்னு நிக்குறாரு. கால் ஆறலியேன்னா, உக்காந்துக்கினே வலை பிரிக்கிறேன்ங்குறாரு. நெருப்புல நின்னதுக்கு சுகருன்னு சொல்லியாச்சு. கடல்ல விழுந்தா? கால் மரத்துப்போன ஆளு, தவறி விழுந்துட்டாருன்னுவாங்க. யாரு என்னா கேக்கப் போறாங்க?

வீணாப் பயப்படலக்கா. நெசமாவே சூடு தெரியாமத்தான் நின்னாருன்னு நானும் நம்பத்தான் பாக்குறேன். ஆனா ஒண்ணு இருக்குது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா போலீசு கேசாயிடும்னு பயம்.

கேசு ஆவாதா? நல்லாத் தெரியுமா? ஒங்க மருமவ இங்கதான் நர்சா? அப்போ கேட்டுத்தான் சொல்றீங்க.

குழிக்கு எறங்குறதுக்கு முன்னால என்னைக் கூப்ட்டு, இடுப்புல இருந்த வெள்ளி அரைஞாணக் கழட்டி என் கையில வெச்சாரு. ஹரிஷுக்குக் கட்டுன்னாரு. நீங்களே சொல்லுங்கக்கா, உசுரோட இருக்குற ஆம்பள அதக் கழட்டுவானா? மூச்சு நின்னப்புறம் அடுத்தவன் அறுத்து எடுக்கறதுதானே அது? மேளச் சத்தத்துல எனக்கு அப்போ எதுவும் ஓடல. இங்க வந்து மொத வேலையா நானே அவரு இடுப்புல திரும்பக் கட்டிவுட்டேன்.

பைய எறக்கி வெக்கச் சொன்னீங்களே. காலையில டம்ளர எடுக்கக் கைய வுட்டேன், அந்த அரைஞாண் அடியில கெடந்துச்சு. இதோ, பாருங்க. ஹரிஷோட சட்டையில சுத்தி வெச்சிருக்காரு.

அந்தா கையெழுத்துப் போட டாக்டரம்மா வர்றாங்க. எழுந்திரிங்கக்கா, நீங்களும் கூட வாங்க, இதச் சொல்ல எனக்குத் தனியா வாய் வராது. சீக்கிரம். அவரு சட்டை மாத்திக்கினு இருக்காரு.