கடைசி சைக்கிள்

இல்ல தம்பி, உங்களப் பாத்துச் சொல்லல. நீங்க பின்னால வந்ததே எனக்குத் தெரியாது. எதிர்க்காத்துல பின்னால என்ன நடந்தாலும் காதுல விழாது. உங்க பிரேக்கு கீச்சுன்னுச்சு பாருங்க, அது மட்டும் கேட்டுச்சு. கம்பம்னு கத்துறது எங்க பழக்கம், அவ்வளவுதான். ஆனா நான் சொன்னதும் பிரேக் பிடிச்சீங்கல்ல, நல்லது.

அந்தப் பிளக்கை எடுத்துக்கங்க. என் பேட்டரி ஏறியாச்சு. சும்மாத்தான் நிக்கிறேன். கடைக்குள்ள போனா ஆப்பிள் கேக் சாப்பிடச் சொல்லுவாங்க.

சன்னல் ஓரமா உக்காந்திருக்காங்களே மூணு பேரு, அவங்கதான் எங்க ஆளுங்க. மஞ்சக் கோட்டுல பெரிய முதுகா தெரியுறது ஹார்மென். டிராம் ஓட்டி ரிட்டையர் ஆனவரு, அதனால எப்பவும் அவருதான் முன்னால. மேப்பை மடிச்சிட்டு இருக்கிறது அவரு பொண்டாட்டி ஹென்னி. சூப்பு குடிக்கிறவரு ஹென்னியோட தம்பி ரூலோஃப். வருஷா வருஷம் செப்டம்பர்ல கிளம்பிடுவோம். ஹூக் துறைமுகத்துல ஆரம்பிச்சு, கடலோரமாவே வடக்க டென் ஹெல்டர் வரைக்கும். முன்னாடியெல்லாம் சாதா சைக்கிள். முட்டி ஒத்துழைக்கல, எல்லாரும் பேட்டரி சைக்கிளுக்கு மாறிட்டோம்.

சௌகரியந்தான். மணல்மேடு ஏறுறப்ப யாரோ முதுகுல கை வெச்சுத் தள்ளுற மாதிரி இருக்கும். என்ன ஒண்ணு, வேகம் கால்ல இல்ல, மோட்டார்ல இருக்கு. உடம்புக்குத் தெரியறதில்ல. கால் வாலிபன் மாதிரி போகும், பிரேக் பிடிக்கிற கை மட்டும் கிழவன் கைதாம்பாரு ஹார்மென்.

அதான் இந்தக் கத்தல். கார் நுழையக் கூடாதுன்னு பாதை நடுவுல கம்பம் நட்டிருக்காங்கல்ல. முன்னால போறவங்க முதுகு அதை மறைச்சிடும். அதனால முதல் ஆளு கம்பம்னு கத்தணும், அடுத்த ஆளு அதைத் தனக்குப் பின்னால கடத்தணும். கடைசி ஆளு சும்மா வரலாம். கடத்த யாரும் இல்லையே.

ஆமா, கடைசி ஆளு நான்தான். அப்புறம் எதுக்குக் கத்துனேன்னுதான கேக்குறீங்க. அதுக்கு வர்றேன்.

உள்ள என்ன பஞ்சாயத்துன்னா, இங்கேர்ந்து எந்த வழியா போறதுன்னு. மணல்மேட்டு வழி ஒண்ணு, கால்வாய்க் கரையோரமா சுத்திப் போற வழி ஒண்ணு. கால்வாய்ப் பக்கம் காத்து கம்மிங்கிறா ஹென்னி. அங்க நல்ல மீன் கடை இருக்குங்கிறாரு ரூலோஃப். மீன் வாசனையே அவருக்கு ஆகாது. என்னக் கேட்டாங்க, எதுன்னாலும் சரின்னுட்டு வெளிய வந்துட்டேன். அப்படி இல்ல. எனக்கு மணல்மேட்டு வழிதான் போகணும். உள்ள வெச்சு அதச் சொல்ல வரல.

என்னை நடுவுல வேற வரச் சொல்றாங்க. கிளம்பினதுலேர்ந்து இதே பேச்சு. ரென்ஸ்கே, நீ முன்னால போடி, நான் பின்னால வர்றேன்னு ஹென்னி ஒவ்வொரு சிக்னல்லயும் நின்னுடுறா. போடி, உன் பின்பக்கத்தப் பாத்து வந்தாத்தான் எனக்கு வழி தெரியும்னேன். சிரிச்சா. நானும் சிரிச்சிருப்பேன்.

எனக்குப் பின்னால எங்க வீட்டுக்காரர்தான் வருவாரு. லாம்பர்ட். அப்பல்லாம் கடைசி ஆளு அவரு. சும்மா வரலாம்னு சொன்னேன்ல, வர மாட்டாரு. அவரும் திரும்பிப் பாத்து, கம்பம்னு கத்துவாரு. யாருக்குய்யா சொல்ற, கடல்காக்காவுக்கான்னு முன்னாலேர்ந்து ஹார்மென் கேப்பாரு. பின்னால வர்றவனுக்குடாம்பாரு இவரு. எவன்டா வர்றான்னா, வருவான்டாம்பாரு. ஒவ்வொரு கம்பத்துக்கும் இதே கதைதான். ஹென்னிக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும்.

இந்தக் கடையத் தாண்டி மணல்மேடு இறங்குற இடத்துல ஒரு கம்பம் இருக்கு. போன வருஷம் அங்க காத்து முதுகுப் பக்கம், எல்லாரும் நல்ல வேகம். ஹார்மென் கத்தினாரு. ஹென்னி, ரூலோஃப், அப்புறம் நான். நான் சொன்னேன், அதுல சந்தேகம் இல்ல. எனக்குப் பின்னால அவரும் சொன்னாரு. அன்னைக்குப் பின்காத்துங்கிறதால தெளிவாவே கேட்டுச்சு. அதுக்கப்புறம் வேற சத்தம். விழுந்தவரு எழுந்திருக்கல.

திரும்பிப் பாத்துச் சொல்லியிருக்காரு, கம்பம் அவருக்கு முன்னால. பின்னால இருக்கிறவனுக்குப் பின்னால பாத்துத்தானே சொல்லணும்.

இருக்கட்டும் தம்பி, நீங்க ஏன் மன்னிப்புக் கேக்குறீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். அழுகை வரும், வந்தா அடக்காதீங்கன்னாரு டாக்டர். வரக் காணோம். கேக்குலதான் ருசி தெரிய மாட்டேங்குது. சும்மா கிண்டிட்டு இருந்தா ஹென்னி மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுது, அதான் இங்க வந்து நிக்கிறேன்.

நீங்க வடக்கதான போறீங்க? மணல்மேட்டு வழியா? அப்ப சரி. நான் உள்ள போய், நானும் அந்த வழிதான்னு சொல்லிடுறேன். அவங்க வந்தாலும் வரட்டும், கால்வாயோரமா போனாலும் போகட்டும். வருவாங்க. ஹார்மென் எழுந்தா எல்லாரும் எழுந்துடுவாங்க.

அவசரம் இல்லைன்னா ஒரு உதவி செய்யுங்க. அந்தக் கம்பம் வரைக்கும் எனக்குப் பின்னால வாங்க. பயப்பட வேணாம், இப்ப வெள்ளைப் பட்டை அடிச்சிருக்காங்களாம், தூரத்துலயே தெரியுமாம். நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் கம்பம்னு சொல்லுவேன், திரும்பாமத்தான் சொல்லுவேன். நீங்க பிரேக் பிடிங்க, போதும்.

அந்தக் கீச்சுச் சத்தத்த மட்டும் அதுவரைக்கும் சரி பண்ணிடாதீங்க.