ஈரக் கை

இல்ல, நீங்களே சொல்லுங்க சார், இது எனக்குத் தேவையா? அம்பத்தெட்டு வயசாச்சு. எந்தப் படத்துல கூப்பிட்டாலும் அம்மா வேஷம். போன படத்துல ஹீரோ என்னவிட ரெண்டு வயசு பெரியவரு. அவருக்குப் பூசிப் பூசி எளசாக்குறாங்க, எனக்கு தலையில வெள்ளைய அடிச்சு கெழவியாக்குறாங்க. அப்புறம் அவரு ஓடிவந்து என் மடியில படுப்பாரு. என்னா கனம்ங்கிறீங்க... காலு மரத்தே போச்சு.

இன்னிக்கு என்னடான்னா மேக்கப் போடற பொண்ணு வெள்ளை வேணாங்குது. இருக்கற நரை போதுமாம், சுருக்கத்தையும் மறைக்கக் கூடாதாம். இந்தப் படத்து டைரக்டரே ஒரு சின்னப் பொண்ணுதானே, அதோட உத்தரவு. அப்படி என்ன பெரிய சீனு? கதைப்படி நான் புருஷன இழந்தவ, நீங்க பக்கத்து வீட்டுக்காரரு. நான் பாத்திரம் கழுவறேன், நீங்க வந்து என் ஈரக் கையப் புடிக்கறீங்க, நான் தோள்ல சாயறேன். அவ்வளவுதான். அதுக்கே லைட்டு போடற தம்பி தலையக் குனிஞ்சுக்குது. போன படத்துல ஹீரோயினா வந்த சின்னப் பொண்ண மழையில நனைய விட்டு ஆட வெச்சாங்களே, அப்ப யாரு தலையக் குனிஞ்சா? கேமரா அது இடுப்புலயே குடியிருந்துச்சு. மூஞ்சின்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு.

எங்க வீட்டுக்காரர்கிட்ட நேத்து ராத்திரி இந்த சீனப் பத்தி மெதுவா சொன்னேன். வெங்காயம் உரிச்சிட்டிருந்தாரு. யாரு கூடன்னு கேட்டாரு. சொன்னேன். "ஓ, அவரா... நல்ல மனுஷனாச்சே, நீ பேசிப் பேசி அவர பயமுறுத்திடாத"ன்னாரு. நான் அப்படியா பேசறேன்?

ஏன் சார், எங்க எழுந்திரிக்கறீங்க? டைரக்டர்கிட்ட போயி இந்த சீன் வேணாம்னு சொல்லப் போறீங்களா? உக்காருங்க, உக்காருங்க. உண்மையச் சொல்லிடறேன். இந்த சீனே என் வாயால வந்த வினை. சாப்பிடறப்ப அந்த டைரக்டர் பொண்ணுகிட்ட பொலம்பினேன்... ஏம்மா, உங்க சினிமாவுல அம்மான்னா அழறதுக்கு ரெண்டு கண்ணு மட்டுந்தானா, கை, தோளு, ஆசை எதுவும் கெடையாதான்னு. மறுநாளே எழுதிட்டு வந்து நிக்குது. கூட யாரு நடிக்கணும்னு என்னையே கேட்டுச்சு. உங்களத்தான் சொன்னேன்.

முறைக்காதீங்க. முன்ன ஒரு படத்துல நீங்க என் புருஷன், குடிச்சிட்டு வந்து அறையணும், ஞாபகம் இருக்கா? ஓங்கின கை நடுங்கி நடுங்கி டேக் மேல டேக்கு. "ஆம்பளையாய்யா நீ"ன்னு கத்தினாரு அந்த டைரக்டரு. செட்டே சிரிச்சுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. கையப் புடிக்கணும்னா இப்பேர்ப்பட்ட ஆளுதான் புடிக்கணும்னு எனக்குத் தோணுச்சு, தப்பா?

அதோ, கூப்பிடறாங்க. வாங்க சார். கை நடுங்குதா? நடுங்கட்டும். என் கையத் தொட்டுப் பாருங்க, அதுவும் அப்படித்தான் இருக்கு.